ஸ்பானிஷில் "நாளைக்கு மழை வருமா?" என்று எப்படிக் கேட்பது? நனைந்தவன் கேட்கிறேன்

பொடிநடை:

வணக்கம். ஸ்பானிஷ் விஷயத்தில் நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத ஆள். போனில் ஒரு ஆப்பை வைத்துக்கொண்டு நாலு மாதம் தட்டியதுதான் என் மொத்தப் படிப்பு. அந்தத் தைரியத்தில் போன அக்டோபரில் ஸ்பெயினுக்குப் போய், கலீசியாவில் சந்தியாகோ யாத்திரைப் பாதையின் கடைசி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை நடந்தேன். சாரியாவில் ஆரம்பித்து சந்தியாகோ தே கொம்போஸ்தேலா வரை, ஐந்து நாள்.

ஆப் சொல்லிக்கொடுத்த வானிலைக் கேள்வி ஒன்றே ஒன்று: "கே தியெம்போ ஆசே?" இப்போது வானிலை எப்படி இருக்கிறது என்று அர்த்தமாம். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற விஷயத்தை யாராவது வாய்விட்டுக் கேட்பார்களா? நடக்கிறவனுக்கு நாளைக் காலை என்ன என்பதுதான் கவலை.

இரண்டாம் நாள் சாயங்காலம் பாலாஸ் தே ரேயில் தங்கினேன். விடுதி அம்மாவிடம், எனக்குத் தெரிந்த சொற்களை ஒட்டவைத்து "குவாந்தோ தியெம்போ மஞானா?" என்று கேட்டேன். தியெம்போ என்றால் வானிலை, மஞானா என்றால் நாளை, போதாதா? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சியெத்தே ஓராஸ், மாஸ் ஓ மேனோஸ்" என்றார். ஏழு மணி நேரம், ஏறக்குறைய. அடேங்கப்பா, ஏழு மணி நேர மழையா!

மறுநாள் விடியற்காலையிலேயே ரெயின்கோட்டை மாட்டி, பையைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. என்னைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் அரைக்கை பனியன். மெலீதே ஊரில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ரெயின்கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பாலாஸிலிருந்து அன்று நான் போய்ச்சேர வேண்டிய அர்சூவாவுக்கு 29 கிலோமீட்டர். நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்டதாக நினைத்து அந்த அம்மா பதில் சொல்லியிருக்கிறார்.

சரி, பாடம் கற்றாயிற்று என்று அர்சூவாவில் வேறு மாதிரி கேட்டேன். "யுவெவே மஞானா?" அங்கே மேசையில் இருந்த பெரியவர் தலையை ஆட்டியபடி "தான் ஆகுவா" என்றார். தான் என்றால் தருகிறார்கள், ஆகுவா என்றால் தண்ணீர். அதுவரை தெரியும். வழியில் யாத்திரிகர்களுக்குத் தண்ணீர் தருகிறார்கள் போல, நல்ல மனிதர்கள் என்று நினைத்து, பாட்டிலைக் காலியாகவே வைத்துக்கொண்டேன். நேற்று ஏமாற்றிய ரெயின்கோட்டை மடித்துப் பைக்கு அடியில் திணித்தேன்.

காலை பத்து மணிக்கு மேலே கிழிந்தது வானம். ரெயின்கோட்டை எடுப்பதற்காக நடுப்பாதையில் பையைக் கவிழ்த்ததில் காய்ந்திருந்த ஒரே ஜோடி காலுறையும் போயிற்று. குடிக்க ஒரு சொட்டு இல்லை, தலையில் மட்டும் குடம் குடமாக.

அந்தப் பெரியவர் சொன்னதற்கு என்ன அர்த்தம்? அடுத்த முறை நான் ஒழுங்காக எப்படிக் கேட்பது?

அரைகுறை_ஆசான்:

தண்ணீர் தருகிறார்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார், நீங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டீர்கள். தருவது வானிலை அறிவிப்பவர்கள், வாங்கிக்கொள்வது உங்கள் தலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மத்ரித்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஸ்பெயினில் முன்னறிவிப்பைப் பற்றிப் பேசும்போது இந்தத் "தருகிற" வினைச்சொல் சர்வசாதாரணம். "தான் யூவியா பாரா மஞானா", நாளைக்கு மழை என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகுவா என்றாலும் மழைதான். நாமும் "நாளைக்கு மழைன்னு போட்டிருக்கான்" என்கிறோமே, யார் போட்டது என்று யாரும் கேட்பதில்லை. அதே எழுவாய் இல்லாத "அவர்கள்". எனவே உங்களுக்கு வேண்டிய முதல் கேள்வி இதிலேயே இருக்கிறது: "கே தியெம்போ தான் பாரா மஞானா?" நாளைக்கு என்ன வானிலை போட்டிருக்கிறார்கள்?

பாலாஸில் நடந்ததற்கு வருகிறேன். தியெம்போவுக்கு நேரம், வானிலை இரண்டு பொருளும் உண்டு. தமிழில் காலம் என்ற சொல் கடிகாரத்துக்கும் மழைக்கும் சேர்த்து உழைக்கிறதே, அது மாதிரி. எந்தப் பொருள் என்பதை முன்னால் நிற்கும் கேள்விச்சொல் முடிவு செய்யும். "குவாந்தோ" என்றால் எவ்வளவு. எவ்வளவு தியெம்போ என்றால் அது நேரம்தான், வேறு வழியில்லை. "கே" என்றால் என்ன. கூடவே ஆசே இருந்தால் வானிலை. அந்த அம்மா மேல் தப்பே இல்லை.

இப்போது எதிர்காலம். இதில் தமிழ் தெரிந்தவனுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, பாடப்புத்தகங்கள் நமக்கு இதைச் சொல்வதில்லை. ஸ்பானிஷில் எதிர்காலத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம். "வா அ யோவேர்" ஒன்று, "யோவெரா" இன்னொன்று. முதலாவதில் இருக்கும் "வா", போ என்ற வினை. அதாவது சொல்லுக்குச் சொல் "மழை பெய்யப் போகிறது". இரண்டாவது ஒரே சொல்லில் "மழை பெய்யும்". நமக்குப் பிறந்ததிலிருந்தே இந்த இரண்டும் இருக்கிறது, எங்கே எது வரும் என்ற உணர்வும் இருக்கிறது. மேகம் கறுத்து நிற்கும்போது "பெய்யப் போகுது, துணியை எடு" என்போம். அந்த இடத்தில் "வா அ யோவேர்". பேச்சில் பெரும்பாலும் இதுதான் புழங்குகிறது. "யோவெரா" மாதிரி ஒற்றைச் சொல் வடிவம் செய்தியிலும் எழுத்திலும் அதிகம்.

ஆகவே "கே தியெம்போ வா அ அசேர் மஞானா?" அல்லது "கே தியெம்போ அரா மஞானா?" இரண்டும் சரி. முதலாவதை வேகமாகச் சொல்லும்போது "வா அ அசேர்" மூன்றும் ஒட்டி "வாசேர்" என்றுதான் காதில் விழும். நான் இருக்கும் ஊரில் அந்த ச-வும் கிடையாது. நுனிநாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் காற்றை விடுவார்கள், த-வுக்கும் ஸ-வுக்கும் நடுவே ஒரு சத்தம். எழுத்தில் கொண்டுவர முடியாது, ச என்றே சொல்லுங்கள், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மஞானாவுக்கு மட்டும் கவலையே வேண்டாம். ஞ என்ற எழுத்தை மூக்கோடு ஒழுங்காகச் சொல்ல நமக்குத் தெரியும்.

ஒற்றைச் சொல் வடிவத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு, எனக்கு அதுதான் பிடித்தது. "இந்நேரம் அங்கே மழை கொட்டிக்கொண்டிருக்கும்" என்கிறோம். கொட்டிக்கொண்டிருப்பது இப்போது, வினை எதிர்காலம். ஊகம். ஸ்பானிஷும் இதே இதே: "எஸ்தரா யோவியெந்தோ". எங்கள் கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். லிஃப்டில் ஏறினால் பேச வேறு விஷயம் கிடையாது, வானிலைதான். வந்த புதிதில் நான் "வா அ யோவேர்?" என்று கேட்டால் அவர் நேற்று இரவுச் செய்தியை முழுதாக ஒப்பிப்பார். ஒருநாள் வாய் தவறி "யோவெரா?" என்று மட்டும் கேட்டேன். அவர் ஒன்றும் ஒப்பிக்கவில்லை. கதவு திறந்ததும் வெளியே வந்து, வானத்தைப் பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கினார். முன்னது "மழை வருமா?", பின்னது "மழை வருமோ?" அந்த ஆ-வுக்கும் ஓ-வுக்கும் உள்ள இடைவெளியை ஸ்பானிஷ் வினைச்சொல்லே வைத்துக்கொள்கிறது. அன்றைக்கு முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசியாக ஒன்று. உங்கள் கேள்வி தப்பாக இருந்ததைவிடப் பதில் புரியாமல் போனதுதான் உங்களை நனைத்தது. "கே தியெம்போ..." என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் அவர் இஷ்டத்துக்குப் பதில் சொல்வார், நீங்கள் பிடிக்க வேண்டும். புதிதாகப் பேசுகிறவர்கள் "வா அ யோவேர் மஞானா?" என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது. சீ அல்லது நோ. சீ என்றால் முகம் சுளிக்காதீர்கள், அங்கே அது ஆமாம்.

ச்சிலாங்கா:

ஆசான் அண்ணா, எல்லாம் ஸ்பெயின் கணக்காகவே சொல்லிவிட்டீர்கள். நான் மெக்சிகோ நகரத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே "கே தியெம்போ அரா" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள், ஆனால் பாடப்புத்தகத்திலிருந்து எழுந்து வந்தவளைப் போலப் பார்ப்பார்கள். என்னைப் பார்த்தார்கள். இங்கே சொல் க்ளீமா. "கோமோ வா அ எஸ்தார் எல் க்ளீமா மஞானா?" நாளைக்கு க்ளீமா எப்படி இருக்கப் போகிறது. க்ளீமா என்றால் தட்பவெப்பம், அன்றாட வானிலைக்குச் சொல்லக்கூடாது என்று கறாராகத் திருத்துபவர்கள் உண்டு. திருத்தட்டும். அலுவலகத்தில் எல்லாரும் க்ளீமா என்கிறார்கள், நானும் அதையே சொல்கிறேன்.

இந்த ஊரில் ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை மழை. ஆனால் காலையில் பார்த்தால் தெரியாது. பத்து மணிக்குப் பளிச்சென்று வெயில், மதியத்துக்கு மேல் கொட்டோ கொட்டென்று கொட்டும். அதனால் "நாளைக்கு" என்பதைவிட "இன்னும் கொஞ்ச நேரத்தில்" என்பது முக்கியமான சொல். "அல் ராத்தோ வா அ யோவேர்." அல் ராத்தோ என்றால் அப்புறமாக, சற்றுக் கழித்து. எவ்வளவு கழித்து என்று யாராலும் சொல்ல முடியாது, அரை மணியாகவும் இருக்கலாம் ராத்திரியாகவும் இருக்கலாம். என் பக்கத்து மேசைக்காரர் பன்னிரண்டு மணிக்கு "அல் ராத்தோ" என்றார் என்றால் நான் குடையை மேசை மேலேயே எடுத்து வைத்துவிடுவேன்.

பருவத்தின் பெயரை நம்பி ஏமாறாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். இன்வியெர்னோ என்றால் அகராதியில் குளிர்காலம். கோஸ்தா ரிகாவிலும் கொலம்பியாவிலும் மக்கள் இன்வியெர்னோ என்பது மழைக்காலத்தை. மழை இல்லாத மாதங்கள் வெரானோ, கோடை. கோஸ்தா ரிகாக்காரத் தோழி ஒருத்தி ஜூலையில் "இங்கே இன்வியெர்னோ" என்று எழுதியதைப் பார்த்து, அவள் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறாள் போல என்று நினைத்து வரைபடத்தைத் திறந்தேன். வடக்கேதான் இருக்கிறது.

இலக்கணப்பூச்சி:

பயனுள்ள இழை. ஒரே ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். "மழை பெய்தால் போகமாட்டேன்" என்று சொல்ல வரும்போது "சி யோவெரா" என்று சொல்லிவிடாதீர்கள். நாளைக்குப் பெய்யும் மழைதானே என்று எதிர்காலத்தைப் போடத் தோன்றும். "சி யுவெவே" என்று நிகழ்காலம்தான் வரவேண்டும். சி-க்குப் பின்னால் எதிர்காலம் எப்போதும் தவறு. அதேபோல் "குவாந்தோ" (எப்போது) என்ற சொல்லுக்குப் பின்னால் வரப்போகிற மழை என்றால் "யுவேவா".

அரைகுறை_ஆசான்:

பூச்சியாரே, "எப்போதும்" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். "நோ சே சி யோவெரா" முழுக்கச் சரி. மழை பெய்யுமா என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே சி தான், வேலை வேறு. தமிழில் சொல்லிப் பார்த்தால் பிரிந்துவிடும்: "பெய்தால்" என்று வந்தால் நிகழ்காலம் போடு, "பெய்யுமா என்று" வந்தால் எதிர்காலம் போடலாம். கவனியுங்கள், நாமும் "பெய்தால்" என்று இறந்தகால உருவத்தைத்தானே வைத்துக்கொண்டிருக்கிறோம், வரப்போகிற மழைக்கு! அதைப் பற்றி இதுவரை ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

இன்னொரு சிக்கலையும் நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள். தமிழெழுத்தில் "எப்போது" என்பதும் "எவ்வளவு" என்பதும் ஒரே குவாந்தோவாக வந்து நிற்கின்றன. காதில் வேறுவேறு. எப்போது என்பதில் பந்து-வில் வரும் மெல்லிய த, எவ்வளவு என்பதில் வல்லின த. பொடிநடை இதில் வேறு விழுந்துவிடப் போகிறார்.

இலக்கணப்பூச்சி:

ஒப்புக்கொள்கிறேன். "எப்போதும்" வாபஸ்.

பொடிநடை:

எல்லாருக்கும் நன்றி. "வருமா, வருமோ" விஷயத்தை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், எனக்கு ஸ்பானிஷ் வந்துவிட்டது என்றே நம்பிவிட்டாள்.

சொந்தமாக நாலு கேள்வி எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள். "வா அ அசேர் ஃப்ரீயோ மஞானா?" குளிருமா. "வா அ அசேர் நியெப்லா?" பனிமூட்டம் இருக்குமா. "மஞானா மஞானா வா அ யோவேர்?" நாளைக் காலையில் மழையா. "மஞானா வா அ செர் கலியெந்தே?" நாளைக்குச் சூடாக இருக்குமா. கடைசியதை ஆப்பே ஒரு சாப்பாட்டுப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தது, வானிலைக்கு நான் மாற்றிக்கொண்டேன்.

அரைகுறை_ஆசான்:

முதலாவது அருமை.

இரண்டாவதில் அசேர் வராது. குளிர், வெயில், காற்று, வெக்கை இவற்றை ஸ்பானிஷ் "செய்கிறது": ஆசே ஃப்ரீயோ, ஆசே சோல், ஆசே வியெந்தோ, ஆசே கலோர். மூடுபனியும் இடிமழையும் "இருக்கின்றன". அந்த வினையை அப்படியே ஐ என்று உச்சரிக்க வேண்டும், நம் ஐந்துக்கு முதல் எழுத்து. ஐ நியெப்லா, ஐ தொர்மெந்தா. நாளைக்கு என்றால் "வா அ அபேர் நியெப்லா" அல்லது "அப்ரா நியெப்லா". மேகமூட்டம் என்றால் எஸ்தா நுப்லாதோ, மூன்றாவது வினை. எதற்கு மூன்று என்று கேட்காதீர்கள். வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, பனி விழுகிறது, நாம் மட்டும் எந்தக் கணக்கில் பிரித்தோம்?

மூன்றாவதற்கு நடுவில் "போர் லா" போடுங்கள். மஞானா போர் லா மஞானா. முதல் மஞானா நாளை, இரண்டாவது காலை. மெக்சிகோவில் "என் லா மஞானா" என்பார்கள். நாளை மறுநாளுக்கு "பசாதோ மஞானா", நாளையைத் தாண்டியது.

நாலாவது... கலியெந்தே தொட்டுப் பார்த்தால் சுடுகிற பொருளுக்கு. வானிலைக்கு "வா அ அசேர் கலோர்?" அதோடு, வெக்கை தாங்கவில்லை என்று விடுதிக்காரரிடம் "எஸ்தோய் கலியெந்தே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பொருள் படுக்கையறைப் பக்கம் போய்விடும். "தெங்கோ கலோர்" என்று சொல்லுங்கள். உங்கள் ராசிக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பதிலாக என்னென்ன வரும் என்பதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். "ச்சுபாஸ்கோஸ்" என்றால் விட்டு விட்டு வரும் மழை. "அ காந்தரோஸ்" என்றால் கொட்டித் தீர்க்கும். காந்தரோ என்பது குடம், நீங்கள் எழுதிய அதே குடம்தான். சாரல் மாதிரி மெல்லப் பொழிவதற்கு ஒரு பெயர், "கலபோபோஸ்". முட்டாள்களை நனைப்பது என்று அர்த்தம். தூறல்தானே என்று அலட்சியமாக நடந்து, போய்ச் சேரும்போது தொப்பலாக இருப்பவர்களுக்காக வைத்த பெயர். நீங்கள் நடந்தது கலீசியா என்பதால் அங்கே பலர் கலீசிய மொழியில் பேசியிருப்பார்கள், அதில் மழை பெய்கிறது என்பது "ச்சோவே". யுவெவே எங்கே என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

அப்புறம் விளையாட்டில்லாத ஒரு சொல்: தானா. மேலடுக்குக் காற்றில் தனியாகப் பிரிந்து நிற்கும் ஒரு தாழ்வுநிலைக்கு வானிலைத் துறை வைத்த நாலெழுத்துச் சுருக்கம். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா பகுதியில் வெள்ளம் வந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது அதனால்தான். அரசின் வானிலை நிறுவனமான ஆயெமெத் எச்சரிக்கையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறத்தில் தரும். "அவீசோ ரோஹோ" என்று யாராவது சொன்னால் அது சிவப்பு. கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காமல் அறையிலேயே இருந்துவிடுங்கள்.

ச்சிலாங்கா:

அண்ணா "போச்சோர்னோ"வை விட்டுவிட்டீர்களே! புழுக்கம். காற்றே இல்லாமல் உடம்பெல்லாம் பிசுபிசுவென்று இருக்குமே, அது. அதே சொல்லுக்கு வெட்கக்கேடு, முகம் சிவந்துபோகிற அவமானம் என்றும் பொருள். மெலீதே பெஞ்சில் ரெயின்கோட்டுக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டுமே பொருந்தும்.

"மழை வராமல் இருக்கணுமே" என்பதற்கு "ஓஹலா நோ யுவேவா". அந்த ஓஹலா அரபியிலிருந்து வந்தது, இறைவன் நாடினால் என்ற தொடர் தேய்ந்த உருவம். இன்ஷா அல்லாவின் தூரத்து உறவு என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

பொடிநடை:

போச்சோர்னோவை எழுதி வைத்துக்கொண்டேன், எனக்கென்றே செய்த சொல்.

வருகிற ஏப்ரலில் மறுபடியும் போகிறேன், இந்த முறை லியோனிலிருந்து, முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். வா அ யோவேர்?

அரைகுறை_ஆசான்:

"என் அப்ரீல், ஆகுவாஸ் மீல்." மீல் என்றால் ஆயிரம். மீதியை நீங்களே பெயர்த்துக்கொள்ளுங்கள்.

பொடிநடை:

ஏப்ரலில் ஆயிரம் தண்ணீர். இந்தத் தடவை யாரும் இலவசமாகத் தரவில்லை என்று தெரிகிறது. ரெயின்கோட்டு பைக்கு மேலே. பாட்டிலையும் நிரப்பிக்கொள்கிறேன்.